ஒரு பொட்டு முந்தி

இதை மேலே வைக்க முடியாதுங்க. மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டரும் சொல்லிப் பார்த்துவிட்டார். உங்களுக்கு இடித்தால் சொல்லுங்க, கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறேன்.

ஸ்வீட் இல்லை. மருந்தும் இல்லை. அப்ஸ்கேலர்.

தெரியாதா? பரவாயில்லை. பொள்ளாச்சியில் யாருக்கும் தெரியாது. பழைய டி.வி. கேம் இருக்கு பாருங்க, கேசட் செருகி, ஆளுக்கொரு ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு விளையாடுவது. அது குண்டு டி.வி. காலத்துச் சாமான். இப்போது வருகிற தட்டை டி.வி.யில் மாட்டினால் இதன் பேச்சு அதற்குப் புரியாது. நடுவில் இந்தப் பெட்டி வேண்டும். பழைய படத்தை வாங்கி, புது டி.வி.க்குத் தகுந்த மாதிரி பெரிசு பண்ணிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

எனக்கா? அறுபத்தாறு. ஏன், அறுபத்தாறு வயதில் விளையாடக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கா?

சரி. உக்கடம் போக ஒரு மணி நேரம் இருக்கு. கேட்டீங்க, சொல்கிறேன். நடுவில் கேள்வி வேண்டாம். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம். கடைசிப் பத்து வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர். வண்டி பத்து நாற்பதுக்கு என்றால் பத்து நாற்பதுக்குப் பச்சைக்கொடி. நேரம் தப்பினால் எனக்குப் பிடிக்காது. மனுஷனானாலும் சரி, மெஷினானாலும் சரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வேண்டும்.

பையன் கோகுலுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம். பொண்ணு உக்கடம். பேர் வினோதினி. அப்பா நாச்சிமுத்து. தங்கமான மனுஷர். கல்யாணம் முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வந்தார். வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் என்ன பேசுவது? நான் அவரைப் பார்க்கிறேன், அவர் காலண்டரைப் பார்க்கிறார். ஒரு மணி நேரம். மருமகப் பொண்ணுதான் பரண்மேல் கிடந்த டி.வி. கேமை இறக்கிக் கொண்டுவந்து குண்டு டி.வி.யில் மாட்டினது. கோகுலுக்கு அவன் மூணாவது படிக்கும்போது நான் வாங்கிக் கொடுத்தது. அவன் பத்து நாள் ஆடினான். நான் பத்து வருஷம் ஆடினேன். அது வேறு கதை.

கேசட்டில் ஐம்பத்திரண்டாவது ஆட்டம். ஒரு குட்டி ஆள் ஓடுவான். குழி வரும், தாண்டணும். கட்டை உருண்டு வரும், தாண்டணும். மூணு உயிர். ஒருத்தர் மாற்றி ஒருத்தர். கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் ஜெயித்தார். இதில் சூது வாது ஒன்றும் இல்லை. கண்ணு, விரல், நேரம். மூணும் எனக்கு உண்டு.

“நீங்க மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி. நீங்க ஆடி முடிங்க, அப்புறம் நான்” என்றார் நாச்சிமுத்து. மரியாதை தெரிந்தவர். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். முதலில் நான், பின்னால் அவர்.

அவர் ஆட்டம் மோசம் என்று சொல்ல மாட்டேன். எப்போதும் எனக்கு இருநூறு, முன்னூறு கீழே. நான் பதினெட்டாயிரம் எடுத்தால் அவர் பதினேழாயிரத்து எண்ணூறு. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், ஆறாயிரத்தில் விழுந்துவிட்டேன். அன்றைக்கு அவர் ஐயாயிரத்து எண்ணூறு. அவ்வளவு ஒத்துப்போகிற மனுஷர். குழி விளிம்பில் ஒரு பொட்டு முந்திக் குதித்து உள்ளே போய்விடுவார். நாலு வருஷம். ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. ஒரு ஞாயிறுகூட அவர் ஜெயித்ததில்லை. ஆனால் முகம் சுளித்ததே இல்லை. “உங்க விரல் வேற விரல் சம்பந்தி” என்பார். சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் போவார்.

கல்யாணத் தரகர் அப்போதே ஒரு தகவல் சொன்னார். நாச்சிமுத்து இருபது வருஷம் உக்கடத்தில் டி.வி. கேம் கடை வைத்திருந்தாராம். பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாம் அங்கேயே கிடப்பார்களாம். இருக்கட்டுமே. கடை வைத்திருந்தால்? கல்லாவில் உட்கார்ந்திருப்பார். வயர் மாற்றியிருப்பார். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற டெய்லர் எப்படி உடுத்துகிறான், பார்த்திருக்கீங்க இல்லே?

இந்த மாசியில் வந்தது வினை. எனக்குப் பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரி போயிருந்தேன். திரும்பி வந்தால் ஹாலில் குண்டு டி.வி. இல்லை. சுவர் முழுக்கக் கறுப்பாக ஒரு பலகை. கோகுல் வாங்கிப் போட்டிருக்கிறான். பழசை அவர்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். வீட்டில் பெரியவன் ஒருத்தன் இருக்கிறானே, ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லை. சரி, விடுங்க.

கேமை எடுத்துக்கொண்டு டி.வி. பின்னால் போனேன். மஞ்சள் வயர், வெள்ளை வயர் செருக ஓட்டையே இல்லை. எல்லாம் தட்டைத் தட்டையாக என்னவோ சந்து. கடைவீதியில் ஒருத்தனிடம் கேட்டேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி கொடுத்தான். இதில் பழைய வயர், அதில் புது வயர், முடிந்தது என்றான். மாட்டினேன். படம் வந்தது. குட்டி ஆள் மட்டும் பானை மாதிரி இருந்தான். அவனையும் இழுத்து டி.வி. அகலத்துக்குப் பரப்பிவிட்டது. போகட்டும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். புது டி.வி.யைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் முதலில் ஆடினேன்.

முதல் குழி. விழுந்தேன்.

இரண்டாவது உயிர். அதே குழி. மூணாவது உயிர். அதே குழி. நாலு வருஷமாக அந்தக் குழியை நான் குழி என்றே நினைத்ததில்லை. நான் சரியாகத்தான் அமுக்கினேன். அமுக்குவது இப்போது, அவன் குதிப்பது அப்புறம். எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னேன். யார் கேட்டார்கள்? “தோத்தா தோத்தேன்னு சொல்லுங்க, டி.வி. மேல பழி போடாதீங்க” என்றாள் ருக்மணி. என் சம்சாரம். அடுப்படியிலிருந்தே பேசுவாள், படத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

சம்பந்தி ஸ்டிக்கை வாங்கினார். அவர் எப்போதும் போல ஒரு பொட்டு முந்தி அமுக்குகிறார். ஆள் அழகாகத் தாண்டுகிறான். அடுத்த குழி. தாண்டுகிறான். அவர் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போய்விட்டது. தாண்டத் தாண்ட வேர்க்கிறது அவருக்கு. நாலாயிரம் வந்ததும் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டார். “என்னன்னு தெரியலீங்க சம்பந்தி, நான் எப்பவும் போலத்தான் அமுக்குனேன்” என்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். ஜெயித்தவன் ஏன் அப்படிப் பேசணும்?

இன்னொரு ஆட்டம் என்றேன். மறுபடி அதே குழியில் மூணு தடவை நான். புள்ளி பூஜ்யம். அப்புறம் அவர். இந்தத் தடவை அவர் குதிக்கவே இல்லை. நேரே நடந்து போய்க் குழியில் இறங்கினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூணு தடவை. கோயில் குளத்தில் இறங்குகிற மாதிரி. வழியில் கிடந்த காசு ஒன்று தானாகக் காலில் பட்டு நூறு புள்ளி ஏறிவிட்டது. அப்படியும் அவர்தான் ஜெயித்தார்.

எனக்கு வந்ததே கோபம். எனக்குத் தெரியாதா? நாலு வருஷமாக அவர் விழுவதைப் பார்க்கிறேன். நேர்மையாக விழுவது எப்படி, வேண்டுமென்றே விழுவது எப்படி என்று எனக்கா தெரியாது?

“என் வீட்டுல உக்காந்துக்கிட்டு எனக்கு விட்டுக் கொடுக்கறீங்களா?” என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

அவர் எழுந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வினோதினி உள்ளேயிருந்து வந்து அப்பாவையும் பார்த்தது, என்னையும் பார்த்தது. அப்போது அதற்கு ஐந்தாவது மாசம். கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சாப்பிடாமல் ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மகளுக்குப் போன் மட்டும். “மூட்டு வலியாம்” என்றது பொண்ணு. மூட்டு வலி இருக்கிறவர்தான் நாலு வருஷமாகப் பஸ் ஏறி வந்தார்.

நான் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வேறு வேலை இல்லையா? மெஷினைச் சோதிக்கணுமே. முதல் ஸ்டிக்கில் நான் ஆடினேன். முடிந்ததும் அடுத்த ஸ்டிக்கை எடுத்து அவர் ஆட்டத்தையும் நானே ஆடினேன். அவருக்கு முன்னூறு குறைவாக வருகிற மாதிரி ஆடிப் பார்த்தேன். வரவில்லை. அது என்னவோ எனக்குச் சுலபமாக வரவில்லை. ருக்மணி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அவள் பேசாமல் போனால் எனக்குப் பயம்.

வளைகாப்புக்கு வைகாசியில் ஒரு புதன்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் வளையல் போட்டு, அவர்கள் வந்து பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போகணும். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச்சுவார்த்தை இல்லாமல் அது எப்படி நடக்கும்? ருக்மணி கேட்டாள், கோகுல் கேட்டான். அவர் பேசினால் நான் பேசுகிறேன் என்றேன். நியாயம்தானே?

வினோதினி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பொண்ணுக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் செய்து வைத்ததில் தப்புக் கண்டுபிடிக்கணும், அதற்குச் சம்பளம். ருக்மணி சம்பளம் இல்லாமலே செய்வாள். ஒரு நாள் காலையில் அது போனை ஸ்டூல்மேல் நிறுத்தி, “மாமா, அமுக்குங்க” என்றது. என் விரலும் டி.வி.யும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் பிடித்தது. அப்புறம் அதை மெதுவாக ஓட்டிக் காட்டியது.

பார்த்தேன். விரல் அமுங்குகிறது. அமுங்கினது எழுந்து வருகிறது. அதற்கப்புறம் டி.வி.யில் அந்தப் பயல் குதிக்கிறான்.

நான் சொன்னேனா இல்லையா? கிட்டத்தட்டக் கால் செகண்டு லேட். ருக்மணியைக் கூப்பிட்டு இரண்டு தடவை காட்டினேன். நல்லாருக்கு என்றாள்.

பொண்ணு காரணமும் சொன்னது. அந்தக் கடைவீதிப் பெட்டி, வருகிற படத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து, இழுத்துப் பரப்பி, அப்புறம்தான் அனுப்புமாம். டி.வி. அதை வாங்கித் தன் பங்குக்கு மெருகு போடுமாம். இரண்டு பேரும் அவங்கவங்க வேலையை முடித்துவிட்டுக் காட்டுவதற்குள் குழி வந்துவிடும். இதற்கென்றே அப்ஸ்கேலர் என்று ஒன்று இருக்கிறதாம். அது படத்தைப் பிடித்து வைக்காது. கோடு வரவர அப்படியே இரட்டித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். டி.வி.யிலும் விளையாட்டுக்கென்று ஒரு செட்டிங் இருக்கு, அதையும் போடணும் என்றது. எனக்குப் புரிந்துவிட்டது. கூட்ஸ் வண்டியை ஓரத்து லூப் லைனில் ஒதுக்கிப் போட்டு வைக்காமல் மெயினிலேயே விடுவது.

உங்க அப்பாவுக்குத் தகவல் சொல்லிவிடு என்றேன். மன்னிப்பு எல்லாம் இல்லை. தகவல்.

பக்கத்திலேயே நின்று போன் செய்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். டி.வி. லேட் என்று சொன்னதும், எவ்வளவு லேட் என்று கேட்டார். சொன்னது. “அடக் கடவுளே, நான் முந்தி அமுக்குனது அங்க சரியாப் போய் விழுந்திருக்கு” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்க, மூட்டு வலிக்காரர் சிரிப்பு இல்லை அது. தான் ஜெயித்தது தன் திறமையால் இல்லை என்று தெரிந்ததில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமா? பெருந்தன்மைதான்.

ஆனால் நான் அதோடு விடவில்லை. டி.வி. தப்பு டி.வி.யோடு போச்சு. வேண்டுமென்றே மூணு தடவை குழியில் இறங்கினாரே, அது? சரியான பெட்டியில், சரியான படத்தில், நேர்மையாக ஒரு ஆட்டம் ஆடணும். அதற்கப்புறம்தான் எனக்கும் அவருக்கும் பேச்சு. தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை. பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் பொண்ணைக் கூட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பணும். பத்து மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். சீர்த்தட்டு வரிசையாக வந்தது. வளையல் ஒரு தட்டு. பழம் ஒரு தட்டு. ஏழு வகை சாதம். கடைசித் தட்டைச் சம்பந்தி தானே தூக்கிக்கொண்டு வந்தார். வெற்றிலை பாக்கு, நாலு எலுமிச்சை, நடுவில் இந்தப் பெட்டி. மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. பாருங்க, இந்த மூலையில் இன்னும் லேசாகத் தெரியும். அவர் அக்கா பையன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவனிடம் சொல்லி வரவழைத்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு அம்மா, புது மாதிரி வெள்ளிச் சாமானா என்று ருக்மணியிடம் கேட்டாள். ருக்மணி ஆமாம் என்றுவிட்டாள்.

நான் உள் ரூமில் இருந்தேன். வளையல் போடுகிற இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை? டி.வி.யை முன்னமேயே உள் ரூமுக்கு மாற்றி வைத்திருந்தேன். சம்பந்தி தட்டோடு வாசற்படியில் வந்து நின்றார். நான் டி.வி.யைக் காட்டினேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டி.வி.க்குப் பின்னால் போனார்.

மாட்டினார். டி.வி.யில் சிக்னல் இல்லை என்று வந்தது. சந்து மாற்றிப் பார்த்தார். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில் வந்தது. மணி பதினொன்று பத்து. வெளியே பொண்ணுகள் வளையல் போட்டு முடித்துப் பாட்டும் பாடிவிட்டார்கள். பெரியவர்கள் அட்சதை போடணும், மாமனார் எங்கே என்று கேட்கிறார்கள். கோகுல் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். ருக்மணி வந்தாள். அவள் சொன்னதை எல்லாம் பஸ்ஸில் சொல்ல முடியாதுங்க.

கடைசியில் வினோதினியே எழுந்து வந்துவிட்டது. இரண்டு கன்னத்திலும் சந்தனம். முழங்கை வரைக்கும் வளையல். பின்னாலேயே நாலு பெண்கள், உட்காரு உட்காரு என்று. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. “அப்பா, பெட்டி பக்கவாட்டுல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளுங்க” என்று கை காட்டியது. கை அசைகிறபோதெல்லாம் அத்தனை வளையலும் குலுங்குகிறது. தள்ளினார். கலர் வந்துவிட்டது. நடுவில் சதுரமாகப் படம், இரண்டு பக்கமும் கறுப்பு. குட்டி ஆள் ஒல்லியாக, பழைய ஆளாக, கூர்மையாக நின்றான். குண்டு டி.வி.யில்கூட அவன் சட்டையில் பட்டன் இருந்தது எனக்குத் தெரியாது.

சம்பந்தியின் தம்பி ஒருத்தர், படம் முழுசா வரலையே என்று ரிமோட்டை எடுத்து இழுத்துவிட்டார். ஆள் மறுபடி பானையாகிவிட்டான். பொண்ணு ஒரு பார்வை பார்த்தது. ரிமோட்டை வைத்துவிட்டார்.

பதினொன்று இருபத்தைந்து. நான் ஆடினேன். அமுக்கினால் குதிக்கிறான். அமுக்கும்போதே குதிக்கிறான். முதல் குழி போனதே தெரியவில்லை. பதினெட்டாயிரத்து நானூறு. அட்சதைத் தட்டோடு வந்தவர்கள் எல்லாம் ரூம் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அப்புறம் அவர். ஸ்டிக்கை வாங்கி வேஷ்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் டி.வி.யைப் பார்க்கவில்லை. அவர் விரலைத்தான் பார்த்தேன், பக்கத்தில் நாற்காலி போட்டு. வேண்டுமென்று செய்தால் இந்த ஜென்மத்தில் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். நெற்றியில் வேர்வை ஓடுகிறது. ஐயாயிரம். பத்தாயிரம். பதினைந்தாயிரம். பொண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பதினேழாயிரம் வந்ததும், “அப்பா, பாத்து” என்றது மெதுவாக. அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு ஆடி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு குழிக்கும் மேல் மூலையில் புள்ளியைப் பார்க்கிறார், குழியைப் பார்க்கிறார், மறுபடி புள்ளியைப் பார்க்கிறார். அவ்வளவு கவனம்.

பதினெட்டாயிரத்து இருநூறு. ஒரு குழி வந்தது. ஒரு பொட்டு முந்தி அமுக்கினார். விளிம்பில் கால் பட்டு, வழுக்கி, உள்ளே போனான். கடைசி உயிர்.

நேர்மையாக விழுந்தார். நான் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேனே. சத்தியம் செய்வேன். தாண்டணும் என்று நினைத்துத்தான் அமுக்கினார். முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். தோற்றதற்கு அழுகிற ஆள் இல்லை அவர், வேர்வையாக இருக்கும். “உங்க விரல் வேற விரல் சம்பந்தி” என்றார். அதைக் கேட்டு மூணு மாசம் ஆகியிருந்தது. வாங்க, நேரமாச்சு என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அட்சதை போட்டோம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வேன் கிளம்பியது. எட்டு நிமிஷம் மிச்சம். நான் கொடி காட்டின வண்டி லேட்டாகப் போனதாகச் சரித்திரம் இல்லை.

பெட்டியும் பொண்ணோடு உக்கடம் போனது. நானே கொடுத்து அனுப்பினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அங்கே. நான்தான் போகிறேன். பொண்ணுக்கு இன்னும் பதினைந்து நாளில் ஆகிவிடும் என்கிறார்கள். போன மூணு ஞாயிறும் நான்தான் ஜெயித்தேன், சொல்ல வேண்டியதில்லை. இருநூறு, முன்னூறு வித்தியாசத்தில்.

ஒன்பது மணி, கிணத்துக்கடவு தாண்டியாச்சா? ஆச்சு. ஈச்சனாரிகூட வரப்போகிறது.

ஏன் இப்போது பெட்டி என் மடியில் இருக்கு என்றுதானே பார்க்கறீங்க? சொல்கிறேன். போன ஞாயிறு தூக்கம் வராமல் ஒரு வண்டி முன்னாடியே போய்விட்டேன். ஹாலில் யாரும் இல்லை. பொண்ணு உள்ளே குளிக்கிறது. சம்பந்தி கறி வாங்கப் போயிருக்கிறார். டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐம்பத்திரண்டாவது ஆட்டம். மேல் மூலையில் அன்றைக்கு யார் அதிகமாக எடுத்தார்களோ அந்தப் புள்ளி நிற்கும். மெஷினை அணைத்தால்தான் அழியும்.

இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதேதான். அந்த ஆட்டத்தில் இருபதாயிரத்துக்கு மேல் எடுக்க முடியும் என்று எனக்கே தெரியாது. பின்னால் பனியோடு ஒரு வானம் தெரிகிறது, ஒரு கோட்டை தெரிகிறது. அதெல்லாம் அந்த ஆட்டத்தில் இருக்கிறதா?

சம்பந்தி பையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார். பையைக் கீழே விட்டுவிட்டார்.

என்னங்க இது என்றேன்.

குனிந்து பையை எடுத்துக்கொண்டே, “பெட்டியில ஏதோ கோளாறுங்க சம்பந்தி” என்றார். “படத்தைப் பெரிசு பண்ற பெட்டிதானே, புள்ளியையும் சேத்துப் பெரிசு பண்ணிருச்சாட்ட இருக்கு.”

வினோதினி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தது. “ஆமா மாமா, ரெண்டு நாளாவே அப்படித்தான் காட்டுது” என்றது. சாஃப்ட்வேரில் இருக்கிற பொண்ணு. அதற்குத் தெரியாதா? அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். எதுவானாலும் கணக்காக இருக்கணும் எனக்கு. சுந்தராபுரத்தில் இதையெல்லாம் பிரித்துப் பார்க்கிற கடை ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமையும் உண்டாம். போன் போட்டுக் கேட்டுவிட்டேன். காட்டிவிட்டு அப்படியே உக்கடம் போகலாம் என்று கிளம்பினேன்.

தெரிகிறது, தெரிகிறது. சுந்தராபுரம்தான். கண்டக்டர் கத்துவது எனக்கும் காதில் விழுகிறது.

நீங்க ஏன் எழுந்திருக்கறீங்க? உட்காருங்க. வழி விட வேண்டாம்.

கடைக்காரன் பிரிப்பான். அதில் ஒன்று, இதில் ஒன்று தொட்டுப் பார்ப்பான். பார்த்துவிட்டு, பெட்டி நல்லாத்தானுங்க இருக்கு, ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னான் என்று வையுங்க. அவனுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். அப்புறம் நான் உக்கடம் போய் அவர் பக்கத்தில் எப்படி உட்காருவது?

ஒன்பதரைக்கு ஆட்டம். அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். எனக்கு நேரம் தப்பினால் பிடிக்காது.

விசில் அடித்தாச்சு பாருங்க. போகட்டும். கோளாறுள்ள பெட்டிதான், இருந்துவிட்டுப் போகட்டும். உங்க பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. பெட்டியில் தூசி விழுகிறது.